புளியங்கொட்டை

எங்கள் ஊர் சீயமங்கலம். தேசூருக்குப் பக்கம், செஞ்சிக்கு பஸ் பிடித்துப் போகிற தூரம். ஊரில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் குடைவரை. தூணாண்டார் கோயில் என்று சொல்வோம். இன்னொரு பக்கம் பாறையில் பார்சுவநாதரும் பாகுபலியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள் (சினிமா பாகுபலி இல்லை, சமணப் பாகுபலி). சின்ன வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பூதங்கள் ஒரே ராத்திரியில் கோயிலைக் குடைந்தன, கோழி கூவியதும் போட்டது போட்டபடி ஓடிவிட்டன என்று ஆயா சொன்னாள். நம்பினேன். மலைமேல் கல்லில் படுக்கை மாதிரி எதைப் பார்த்தாலும் அது பஞ்சபாண்டவர் படுத்த இடம் என்று நம்பினேன். தமிழ்நாட்டில் சமண முனிவர்கள் படுத்த எத்தனையோ கற்படுக்கைகளில் இன்றைக்கும் பாண்டவர்கள்தான் படுத்திருக்கிறார்கள்.

செஞ்சிக் கோட்டையைக் கட்டியது தேசிங்குராஜன் என்பது இன்னொன்று. அவன் செஞ்சியை ஆண்டது முழுசாக ஒரு வருஷம் கூட இல்லை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டை போட்டுச் செத்தான். கோட்டை அவனுக்குப் பல நூறு வருஷம் முந்தியது. நாயக்கர்கள் ஆண்டு, பீஜப்பூர்க்காரர்கள் பிடித்து, 1677இல் சிவாஜி பிடித்து, 1698இல் மொகலாயர் பிடித்த பிறகுதான் அவன் கதையே வருகிறது. ஆனால் ஊரில் கேட்டுப் பாருங்கள், எல்லாம் தேசிங்குதான். கிருஷ்ணகிரி மலையை ராணிக்கோட்டை என்பார்கள். எந்த ராணி என்று பள்ளிச் சுற்றுலாவில் கேட்டேன். புருஷனோடு தீயில் இறங்கினாளே அந்த ராணி என்றார்கள். அவளைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

இந்த மாதிரி நம்பிக்கைகளை நான் வளர வளர ஒவ்வொன்றாக விட்டேன். வலிக்கவில்லை. பாண்டவர்கள் எழுந்து போய்ச் சமணர்கள் வந்து படுத்ததால் எங்கள் வீட்டில் யாரும் சோறு சாப்பிடாமல் எழுந்து போகவில்லை. எழுந்து போக வைத்தது வேறொன்று.

எங்கள் வீட்டில் நாலு பெண்கள். நான் மூத்தவள். அம்மாவைப் பற்றி ஆயா சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: "பொட்ட வயிறு." கோபத்தில் சொல்ல மாட்டாள், அதுதான் விசேஷம். மாட்டுக்கு சுழி பார்த்துச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். "அவளுது பொட்ட வயிறு, அதுல இன்னா வரும்?" அம்மா அங்கேதான் அடுப்பூதிக்கொண்டிருப்பாள். அவளும் மறுக்க மாட்டாள். தன் வயிறு அப்படிப்பட்டது என்று அவளும் நம்பினாள். எங்களுக்கு நாலு பேருக்கும் அது தெரியும். அம்மாவின் குறைதான் நாங்கள் என்று தெரிந்துகொண்டேதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம், பாண்டி ஆடினோம்.

மூன்றாவதாகப் பிறந்த தங்கைக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. திருத்தணிப் பக்கத்தில் வேண்டாம் என்றே பெயர் வைத்த ஊர் உண்டு, பேப்பரில் எல்லாம் வந்தது. இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்று நம்பிக்கை. அடுத்ததும் தங்கைதான். பெயர் பலிக்கவில்லை, ஆனால் அவள் மேல் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது அந்தப் பெயர் வந்தால் வகுப்பு சிரிக்கும். அவள் "உள்ளேன் ஐயா" என்று சொல்வாள்.

அந்தக் காலத்தில் வயிற்றைப் பற்றி எங்களுக்கு எத்தனை தெரிந்திருந்தது! வயிறு கூராக இருந்தால் ஆண், உருண்டையாக இருந்தால் பெண். குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாக வரும். கிரகணத்தன்று வெளியே வந்தால் உதடு பிளந்து பிறக்கும். பிறந்ததும் வருகிற மஞ்சள் பால் கெட்ட பால், பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். (குழந்தைக்கு நோயைத் தடுக்கிற பால் அது. எத்தனை தலைமுறையாகக் கொட்டினோமோ.) ஒன்று கூட ஆணின் உடம்பைப் பற்றி இல்லை. இருந்த ஒன்றே ஒன்று, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் ஆம்பளைக்குப் பலம் போய்விடும் என்பது. ஆண்களுக்குச் செய்வது சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். அதனால் ஊரில் எல்லா வீட்டிலும் பெண்தான் வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்தாள்.

அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் மேல்மலையனூர் போவாள். ராத்திரி ஊஞ்சல் உற்சவம் முடிய அந்தக் கூட்டத்தில் நின்றுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்து, தூங்காமல் கொல்லைக்குப் போவாள். அரசமரம் சுற்றினாள். செவ்வாய்க்கிழமை ஒருவேளை. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஐந்தாவது முறை உண்டானாள். இரண்டாவது மாசம் யாரோ சொல்லி ஆயா வேறொரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆண் பிள்ளைக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாள். ஏதோ பொடி, பசும்பாலில் கலக்கிக் கிழக்கே பார்த்து மூன்று நாள் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவுக்குப் போக ஆரம்பித்தது. மாட்டு வண்டியில் பழைய புடவைகளை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். வீடு முழுக்க துக்கம், என்னமோ ஒரு ஆண் வாரிசு செத்துப்போன மாதிரி.

பன்னிரண்டாம் வகுப்பை செஞ்சியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். விலங்கியல் பாடத்தில் பால் நிர்ணயம் வந்தது. மனித உடம்பின் செல்லில் 46 குரோமோசோம், 23 ஜோடி. அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டும்தான் இருக்கும். விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். ஐந்து மதிப்பெண் கேள்வி, படம் வரைந்தால் முழு மதிப்பெண். வகுப்பில் எல்லாரும் படம் வரைந்துகொண்டிருந்தோம். எனக்குக் கை நின்றுவிட்டது.

அந்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ஐப்பசி, மல்லாட்டை பிடுங்கிய நேரம். அம்மா வாசலில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, திண்ணையில் காயவைத்திருந்த புளியங்கொட்டையில் ஒன்றை எடுத்துவந்தேன். இரண்டு மல்லாட்டைப் பயறை உரித்து அவள் முன்னால் வைத்தேன். இது நீ. ஒரு பயறும் ஒரு புளியங்கொட்டையும் வைத்தேன். இது அப்பா. ஆளுக்கு ஒன்று எடுத்துத்தான் பிள்ளைக்குத் தர வேண்டும். ரெண்டும் பயறாக இருந்தால் பொண்ணு. புளியங்கொட்டை வந்தால் பையன்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ என்கிட்ட புளியங்கொட்டையே இல்லியா?"

"இல்லம்மா. உன்கிட்ட மட்டும் இல்ல. எந்தப் பொம்பளகிட்டயும் இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது சிரிப்பாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி ஒரு செடியை எடுத்து ஆய ஆரம்பித்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. அப்பா மனசு நொந்துடும்" என்றாள்.

பதினேழு வயசு. நான் சொல்லாமல் இருப்பேனா? அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ஆயா வழக்கம்போல எதற்கோ அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் பாடத்தை ஒப்பித்தேன். மல்லாட்டை, புளியங்கொட்டை எல்லாம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆயா கேட்டாள், "அப்போ எம் புள்ள மேல குத்தம்னு சொல்றியா?" ஆமாம் என்றேன். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வெளியே போனார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எவ்வளவு பெருமையாக செஞ்சிக்கு பஸ் ஏறினேன் தெரியுமா! என் அம்மாவை விடுதலை செய்துவிட்டதாக நினைப்பு.

இது எங்கள் ஆயாவின் மடமை மட்டும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது: ஆணின் பங்கு மிகுந்தால் ஆண், பெண்ணின் பங்கு மிகுந்தால் பெண், இரட்டைப்படை இரவில் சேர்ந்தால் ஆண். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், ஆணின் சூடு ஓங்கினால் ஆண், பெண்ணின் குளிர்ச்சியை வெல்ல முடியாமல் போனால் பெண் என்று எழுதினார். இரண்டிலும் பெண் குழந்தை பிறந்தால் அம்மாவின் பக்கம்தான் கை நீள்கிறது. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கு முதல் மனைவியிடம் தங்கியது மகள் மட்டும்தான். அவளை ஒதுக்கிவிட்டு 1533இல் இரண்டாவது மனைவியை ராணியாக்கினார், அவளுக்கும் மகள். 1536இல் அவள் தலை போனது. புளியங்கொட்டை ஹென்றியிடம்தான் இருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது ஒரு பெண். நெட்டி ஸ்டீவன்ஸ், 1861இல் அமெரிக்காவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். 1905இல் மாவுப்புழுவை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். பெண் பூச்சியில் இருபது பெரிய குரோமோசோம், ஆண் பூச்சியில் பத்தொன்பது பெரியது, ஒன்று மட்டும் சின்னது. அந்தச் சின்னதைச் சுமந்து வரும் விந்தணுவால்தான் ஆண் பிறக்கிறது என்று எழுதினார். நம் வீட்டு மாவு டப்பாவில் நெளியுமே, அந்த வகைப் புழுதான். அதே வருஷம் எட்மண்ட் வில்சனும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். பேரும் புகழும் ரொம்ப காலம் அவர் பக்கமே போனது. நெட்டி 1912இல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். எங்கள் பாடப்புத்தகத்தில் படம் இருந்தது, அவர் பெயர் இருந்த ஞாபகம் எனக்கு இல்லை.

அவர் எண்ணி முடித்து எண்பது தொண்ணூறு வருஷம் கழித்துத்தான் என் அம்மா அந்தப் பொடியைக் குடித்தாள். கரு உண்டாகிற அந்த நொடியிலேயே ஆணா பெண்ணா என்பது முடிந்துவிடுகிறது. தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒருத்தி தெரிந்துகொள்வதற்கு முன்பே. அதற்குப் பிறகு எந்த மருந்தும் எந்த வேண்டுதலும் அதைத் திருப்பாது. ஆனாலும் மருந்து இன்றைக்கும் விற்கிறது. ஹரியானாவில் இந்த மாதிரி மருந்துகளை ஆராய்ந்தவர்கள், குடித்த தாய்மார்களுக்குக் குறையோடு பிறந்த குழந்தைகளும் இறந்தே பிறந்த குழந்தைகளும் அதிகம் என்று கண்டார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதை யாரும் எங்கள் வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை. காசு சுண்டுவது மாதிரிதான். நாலு பிள்ளை பெற்ற பதினாறு வீடுகளை எடுத்தால், ஏறக்குறைய ஒரு வீட்டில் நாலும் பெண்ணாக இருக்கும். இன்னொரு வீட்டில் நாலும் ஆணாக இருக்கும். நாலும் ஆணாகப் பெற்றவளை யாரும் அமாவாசை ராத்திரியில் நிற்கவைத்ததில்லை.

ஆயா சாவதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் தானாகவே சொன்னாள். அவளுக்கு முதலில் இரண்டும் பெண். தாத்தாவுக்கு இரண்டாம் தாரம் பார்த்துப் பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. அப்போதுதான் அப்பா வயிற்றில். "உங்கப்பன் பொறந்ததாலதான் நான் இந்த வூட்ல தங்குனேன்" என்றாள். அவள் மேல் எனக்கிருந்த கோபத்தை அதற்குப் பிறகு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளுக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு பிள்ளை கிடைத்தது. என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அம்மாவை யாரும் வெளியே அனுப்பவில்லை, அது ஆயாவின் கருணை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வார்த்தையை அவள் விடவே இல்லை.

கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வந்தேன். அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. அறிவியல் பாடம் எடுத்தவர். எனக்கு முதலில் பெண். இரண்டாவது உண்டானபோது ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அந்தப் பலகை மாட்டியிருந்தது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம். 1994இல் வந்த சட்டம். சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது 1992இல். உசிலம்பட்டியும் சேலமும்தான் மோசம், எங்கள் பக்கம் அப்படியெல்லாம் கிடையாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கள்ளிப்பால் கொடுக்காததையே ஒரு தகுதியாக நினைத்த காலம் அது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயசு வரையில் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 943 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். அவ்வளவு பள்ளிக்கூடம் கட்டி, அவ்வளவு ஐந்து மதிப்பெண் கேள்வி எழுதிய மாநிலம்.

இரண்டாவதும் பெண். சிசேரியன். அத்தை குழந்தையைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை, முகம் கூடச் சுளிக்கவில்லை. "என்ன பண்றது, அவங்க அம்மா வீட்டு வாகு அப்படி" என்று வந்திருந்த சொந்தக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் காது கேட்டது. முப்பது வருஷம் எக்ஸ் ஒய் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவர் அவர். படிப்பு வந்தால் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது நான் வளர்த்துக்கொண்ட தப்பு நம்பிக்கை. அவருக்குப் பாடம் தெரியும். பாடம் பள்ளிக்கூடத்தில் இருந்தது, வாகு வீட்டில் இருந்தது. ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இரண்டும் அவருக்குள் இருந்தன.

மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள். சம்பந்தி முன்னால் அவள் உட்காரக்கூட மாட்டாள்.

"எம் பொண்ணுகிட்ட புளியங்கொட்டை கிடையாதுங்க சம்பந்தி. உங்க புள்ளதான் குடுக்கணும்."

அத்தைக்குப் புரியவில்லை. என்ன புளியங்கொட்டை என்று கேட்டார். அம்மா கட்டிலிலேயே விளக்கினாள். மாத்திரையை வைத்துக் காட்டினாள், பயறுக்கு வெள்ளை மாத்திரை, புளியங்கொட்டைக்கு இரும்புச்சத்து மாத்திரை. தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். என் கணவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார் போல.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறந்து ஆறு மணி நேரமாகிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் கேட்கிறாள், இவள் யார் குற்றம் என்று மூன்று பேர் மருத்துவ முறைப்படி விசாரிப்பதை. பதினேழு வயதில் நான் சோற்றுத் தட்டின் முன்னால் செய்ததும் இதுதான். குற்றத்தை அம்மா மேலிருந்து எடுத்து அப்பா மேல் வைத்தேன். எந்த விந்தணு போய்ச் சேரும் என்பதில் அவருக்கு மட்டும் என்ன அதிகாரம் இருந்தது? எடுத்து வைத்தேனே தவிர, அது குற்றம்தானா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் நாலு பேரும் பேச்சில் வந்திருப்போம். அந்த ராத்திரி ஆயா, அப்பா, அம்மா, நான் எல்லாரும் பேசினோம். போதும்பொண்ணு விளக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரிந்தது.

"நீ அன்னிக்கு மல்லாட்டை வெச்சி சொன்னியே."

"ம்."

"ரெண்டு நாளு உன்கூட பேசல. உம்மேல கோவம்னு நெனச்சிருப்ப."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த அஞ்சாவது. மருந்து குடிச்சேனே. அதுக்கு முன்னாடியே அது இன்னான்னு முடிஞ்சி போயிருக்கும் இல்ல?"

"ஆமாம்மா."

"குடிக்காம இருந்திருந்தா இருந்திருக்கும்."

மருந்தால்தான் கலைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தானாகவும் கலைந்திருக்கலாம் என்று சொன்னேன். அது உண்மையும்தான். அவள் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கொடுத்த பாடத்தில் எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். அவள் எடுத்துக்கொண்டது இது.

குழந்தை அழுதது. அம்மா எழுந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சன்னல் பக்கம் போய் நின்றாள். முதுகைத் தட்டிக்கொண்டே, "பேரு யோசிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.